ஓடு உள்ளதுக்கு ஏது மடி

போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒரு படம் வந்ததே, பார்த்தீர்களா? உடம்பு முழுக்கச் செதில், கூர் மூக்கு, தரையோடு இழுபடுகிற நீள வால். ‘இது எந்த இனம், சொல்லுங்க பாப்போம்’ என்று கீழே ஒரு கேள்வி. உடும்பு என்றான் கடைசி பெஞ்சுக்காரன். முதலைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றாள் என் பக்கத்து இடத்துக்காரி. நம் வகுப்புத் தலைவன், ஆயுசு முழுக்க வங்கியில் உட்கார்ந்து எழுந்தவன், ‘ஊர்வன, சந்தேகமே இல்லை’ என்று தீர்ப்பே எழுதிவிட்டான். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல் வேறு.

உங்களை எல்லாம் எந்தக் கம்பால் அடிப்பது? எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்களே, மறந்துவிட்டீர்களா? குட்டி போட்டுப் பால் கொடுப்பது, உடம்பில் முடி இருப்பது, வெயிலானாலும் குளிரானாலும் ரத்தம் ஒரே சூட்டில் இருப்பது, இதெல்லாம் இருந்தால் பாலூட்டி. எங்கோ ஆஸ்திரேலியாவில் முட்டையிட்டும் பால் கொடுக்கிற ஒன்று உண்டு என்று டீச்சர் சொன்னபோது நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கிற கங்காரு, கொறிக்கிற எலி, அணில், முள்ளம்பன்றி, ஊன் தின்கிற நரி, கீரி, மரநாய், குளம்புள்ள மாடு, மான், பன்றி, கடலில் திமிங்கிலம், வானத்தில் வௌவால், பக்கத்திலேயே குரங்கும் நாமும். வலது கீழ் மூலையில் தனியாக அழுங்கு, குரூப்பில் வந்த அதே எறும்புத்தின்னி. செதில் உள்ள ஒரே பாலூட்டி என்று அடியில் எழுதியிருந்தது. சுவரில் ஏறிய கரையான் அந்த மூலையைத்தான் முதலில் அரித்தது. கரையானைத் தின்று பிழைக்கிற அழுங்கின் வாலைக் கரையான் தின்றுவிட்டதே என்று நான்தான் கிண்டல் செய்தேன். அந்தப் படம் இப்போது எந்தக் குப்பையில் மக்கியதோ.

எனக்கு அந்த மூலை மறக்கவே இல்லை. ஏன் மறக்கவில்லை என்பதைப் போன மாதம் வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. இனிமேல் சொன்னால் வலிக்கிற ஆள் நான் ஒருத்திதான். நீளமாக எழுதினால் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். எழுதத்தான் போகிறேன்.

எங்கள் ஊர் பேரையூருக்கு மேற்கே என்பது உங்களுக்குத் தெரியும். சிவராத்திரி முடிந்த மறுநாள் ஆண்கள் எல்லாரும் வேட்டைக்கு இறங்குவார்கள். பங்குனிப் பொங்கல் வரைக்கும் அது ஓடும். சட்டம், தடை என்று ஊருக்குள் வந்து யாரும் சொல்லாத காலம். கம்பு, கடப்பாரை, வலை, நாய். நீங்கள் சுவரில் பார்த்த படத்தை நான் எங்கள் வாசலில் பார்த்தேன், ரத்தத்தோடு. காதைப் பிடித்துத் தூக்கிய முயல், வாய் பிளந்து கிடக்கிற நரி, முள் சிலிர்த்தபடியே விறைத்துப்போன முள்ளம்பன்றி. முயலைக் கொறிப்பவற்றில் சேர்க்கக் கூடாது, மேல் வரிசையில் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பல் ஜோடி இருக்கும் என்று டீச்சர் சொன்னார். வாசலில் கிடந்த முயலின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், இருந்தது. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

வேட்டைக்கு ஒரு நேமம் இருந்தது. இறங்குகிற அன்று காலையில் காவல் சாமி முன்னால் எல்லாரும் கம்பைத் தரையில் ஊன்றி நிற்பார்கள். எங்கள் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், சத்தியம் சொல்லுவார். மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“மடி எறங்குன உசுரத் தொட மாட்டோம். தொட்டா எங்க வீட்டுத் தொட்டில்ல கேளு சாமி.”

பால் கட்டிய தாயைக் கொன்றவன் வீட்டுப் பிள்ளையைச் சாமி எடுத்துக்கொள்ளும். அதனால் நாய் எதைக் கவ்வினாலும், உயிரோடு பிடுங்கி, மல்லாத்தி, வயிற்று முடியை வாயால் ஊதிப் பார்ப்பார்கள். முடி விலகும்போது காம்பு ஈரமாகத் தெரிந்தால் இறக்கி விட்டுவிட வேண்டும். அப்படி விடப்பட்ட முயல் நாலு எட்டு வைத்து, நம்பாமல் திரும்பிப் பார்த்து, பிறகு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவற்றின் மண்டையில் அங்கேயே ஒரே அடி. ஊதிப் பார்க்கிற வாயும் அடிக்கிற கையும் ஒரே ஆளுடையதாக இருக்கும். எங்கள் அப்பா இரண்டிலும் கெட்டிக்காரர்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் தொட்டில் இருந்தது. தம்பி பிறந்து பத்து நாள். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டு பேரும் முப்பது நாள் தாண்டாமல் போய்விட்டார்கள். அப்பாவுக்குக் கண்ணை மூடினால் தூக்கம் வராது. எழுந்து எழுந்து தொட்டிலுக்குள் கையை விட்டு, பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பார். அழுங்கின் செதிலை எங்கள் ஊரில் ஓடு என்போம், அதில் ஒன்றைப் பிள்ளை இடுப்பில் கட்டினால் எதுவும் அண்டாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. முப்பதாம் நாளுக்குள் ஓட்டோடு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அந்த வருடம் அவர் வேட்டைக்கு இறங்கினார்.

ஒரு சனிக்கிழமை, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனேன். கண்மாய்க் கரைக்குப் பின்னால் கருவேலங்காட்டுக்குள் சத்தம் கேட்டது. ஆள் உயரத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். குழிக்குள் அப்பா. ஒரு அழுங்கின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக வளையிலிருந்து வெளியே விழுந்ததும் அது சுருண்டுகொண்டது. தலையும் காலும் எங்கே போயின என்றே தெரியவில்லை. வெறும் செதில் உருண்டை. எங்கள் செவலை நாய் பாய்ந்து கவ்வி, வாயெல்லாம் ரத்தமாகப் பின்வாங்கி ஊளையிட்டது.

பெரியப்பா மேலே நின்று கேட்டார்.

“மடி பாத்தியாடா?”

“ஓடு உள்ளதுக்கு ஏதுண்ணே மடி? முட்டை போடுற சாதி. ஊதிப் பாக்க முடி எங்க இருக்கு?”

பெரியப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார். சுற்றி நின்ற பதினோரு பேரும் ஆட்டினார்கள். ஊருக்குத் தெரிந்த மிருகங்களை அவர்கள் பிரித்துவைத்தது அப்படித்தான். நகம் உள்ளது, குளம்பு உள்ளது, முள் உள்ளது, ஓடு உள்ளது. மடி முதல் மூன்றுக்கும்தான். ஆமைக்கும் ஓடு, முதலைக்கும் ஓடு, அவை பால் கொடுத்து யார் பார்த்தது?

எனக்குத் தெரியும். கரையான் அரித்த மூலையில் என்ன எழுதியிருந்தது என்று அந்தக் காட்டில் நின்ற எல்லாரிலும் எனக்கு மட்டும்தான் தெரியும். “அப்பா, அது பால் கொடுக்கும்ப்பா” என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொட்டப்பிள்ளை பேச்சை யார் கேட்பார்கள் என்று நான் வாய் மூடியதாக இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். எனக்கும் அந்த ஓடு வேண்டும். தொட்டிலில் கிடக்கிற தம்பி எனக்கு வேண்டும். அதனால்தான் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

முதல் அடி கம்பால். கல்லில் அடித்த மாதிரி கம்பு தெறித்தது. பிறகு இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து அடித்தார்கள். உருண்டை இன்னும் இறுகியது. உள்ளேயிருந்து சீறல் மாதிரி ஒரு மூச்சு வந்தது, அவ்வளவுதான், கடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. தப்பிக்க ஓடக்கூட அது பார்க்கவில்லை. “மண்டைய உள்ள வச்சுக்கிருச்சுண்ணே” என்று சொல்லிக்கொண்டே அப்பா கடப்பாரையை எடுத்தார். முனையைச் செதிலுக்கு இடையில் கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றினார். முதல் குத்து வழுக்கியது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதற்கு அப்புறம் அந்த மூச்சு நின்றது.

உருண்டை மெதுவாகத் தானாகவே அவிழ்ந்தது. அது ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வயிற்றோடு வயிறாக ஒரு குட்டி. வெளிறிய, ஈரமான, கூம்பு மூக்குக் குட்டி. கடப்பாரை அதைத் தொடவில்லை. அடிவயிற்றில் செதிலே இல்லை, முடிதான் இருந்தது. ஊதிப் பார்த்திருக்கலாம். நெஞ்சில், ஒரு மனுசிக்கு இருக்கிற அதே இடத்தில், இரண்டு காம்பு. பாலும் ரத்தமும் சேர்ந்து வழிந்தது.

 பெரியப்பா குழிக்குள் இறங்கி, குனிந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“மடிடா.”

“அண்ணே, அது மருவா இருக்கும்ணே...”

“மடிடா, பாவி!”

தன் கம்பாலேயே அப்பாவை அடித்தார். தோளில், முதுகில், தொடையில். கம்பு முறிந்ததும் பாதிக் கம்பால் அடித்தார். அப்பா பெரியப்பாவைவிடப் பலசாலி. ஒரு கையால் தடுத்திருக்கலாம். கையைத் தூக்கவே இல்லை. அடிக்கிறவரும் அழுதுகொண்டே அடித்தார். “தொட்டிலக் கேட்ருமேடா, தொட்டிலக் கேட்ருமேடா” என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. தலையாட்டியது அவரும்தான் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த அடியில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

நாய்கள் குட்டியை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தன. நான் கஞ்சியைக் கொட்டிவிட்டு, குட்டியைத் தூக்குவாளிக்குள் போட்டு மூடி, வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். இன்றைய என் மகளைவிடச் சின்னவள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். ‘தொட்டில்’ என்ற இடத்தில் மட்டும் தம்பியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு என் கன்னத்தில் ஒன்று விட்டாள், காது அடைத்துப்போனது.

“ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. புத்தகத்துல படிச்சிருக்க. தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கிட்டு நின்டிருக்க.”

அதை மட்டும் நான் சொல்லாமலே அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. தம்பியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, பிள்ளைக்கு மருந்து ஊட்டுகிற பாலாடையை எடுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தன் பாலைப் பீய்ச்சினாள். குட்டியின் மூக்கைப் பாலாடையின் மூக்கில் வைத்தாள். நூல் மாதிரி ஒரு நாக்கு வெளியே வந்தது.

“தாயக் கொன்டாச்சு. இது பொழைச்சாத்தான் எம் பிள்ள பொழைப்பான்” என்றாள்.

அன்றிலிருந்து வலது மார் தம்பிக்கு, இடது மார் அதற்கு. பழைய பானையில் மணல் போட்டு அதைப் படுக்க வைத்தாள். தம்பி மேல் வருகிற அதே பால் வாடை அதன் மேலும் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துத் தொங்கியது. வெளியே எவ்வளவு ரத்தக்களறி நடந்தாலும் அந்தப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குப் பயம் போய்விடும். செதில் மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருக்கும். தம்பி நெற்றி இருக்கிற அதே சூடு.

வெளியே ரத்தக்களறி நடக்கத்தான் செய்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீக்கடையில் ஒருத்தர், அப்பாவுக்கு மாமன் முறை, “என்ன மாப்ள, வீட்ல மூத்தவன் சௌக்கியமா? செதிலு நல்லா மொளைக்குதா?” என்று கேட்டாராம். அப்பா டீ கிளாஸை அவர் முகத்தில் உடைத்தார். புருவத்தில் தையல் போடும் அளவுக்குக் கிழிந்துவிட்டது. அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்து, அம்மா முடியைப் பிடித்து இழுத்து வாசலில் தள்ளினார்.

“எம் பிள்ள வத்திப்போயிக் கெடக்கான். நீ காட்டுச் சாதிக்கு ஊட்டிக்கிட்டு இருக்க. என்னைக் கொல்லுறியா, அவனைக் கொல்லுறியா?”

“சத்தியம் செஞ்சது நீங்க. அந்தக் கடன நான் அடைக்கேன்” என்றாள் அம்மா, விழுந்த இடத்திலிருந்தே. அதற்கும் ஒரு உதை விழுந்தது.

அப்பாவை அரக்கன் என்றே ரொம்ப வருடம் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். நடுக்கத்தை மறைக்க அவருக்குக் கை ஓங்குவது ஒன்றுதான் தெரிந்திருந்தது. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அம்மா விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

பத்தாம் நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்துச் சோற்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா உள்ளே தம்பியோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் பானை கவிழ்ந்து கிடந்தது. மாட்டுத்தொட்டிக்கு அந்தப்பக்கம் அப்பா குந்தியிருந்தார். துவைக்கிற கல் மேல் குட்டி உருண்டிருந்தது. அதன் ஆத்தா மாதிரியே சுருண்டிருந்தது. ஆனால் அதன் செதில் இன்னும் முற்றவில்லை. கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் ஒரே ஒரு தடவை. பெரிதாகச் சத்தம்கூட வரவில்லை.

குப்பைக்குழியில் தள்ளி எருவை இழுத்து மூடினார். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினார். திரும்பும்போது என்னைப் பார்த்தார்.

“பாத்தியா?”

“இல்லப்பா.”

“ஒங்காத்தா கேட்டா?”

 கடப்பாரை அவர் கையில்தான் இருந்தது, ஆனால் அவர் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

“போயிருச்சுன்னு சொல்லு” என்றார். மிரட்டினாரா, கெஞ்சினாரா என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

அம்மா எழுந்ததும் சொன்னேன். பானையைத் தட்டிவிட்டு அதுவாகவே போய்விட்டது என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம்?”

“கண்மாய்ப் பக்கம்மா. வேகமா போச்சு.”

“கால் நல்லா ஊனிப் போச்சா?”

“போச்சும்மா.”

“சரி” என்றாள். பால் பீய்ச்சி வைத்திருந்த பாலாடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு பின்வாசலுக்குப் போனாள்.

மறுநாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்து, கண் மேலே சொருகியது. அப்பா அவனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அம்மாவும் பெரியப்பாவும் கூடப் போனார்கள். போகிற வழியெல்லாம் பஸ்ஸுக்குள் நின்றபடி, “என்னைய எடுத்துக்க, என்னைய எடுத்துக்க” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார் என்று பெரியப்பா பிற்பாடு சொன்னார். ஐந்தாம் நாள் தம்பி கண் விழித்துப் பாலுக்கு அழுதான். வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் வேட்டைக் கம்பை முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் வைத்தார். கொன்ற அழுங்கின் ஓட்டை அவர் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு சாகும்வரை வேட்டைக்குப் போகவில்லை. தம்பியைத் தூக்கவும் இல்லை. தன் கை பட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காது என்றே நினைத்து வளர்ந்தான்.

முப்பதாம் நாள் முறைப்படி தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டினார்கள். தட்டான் அரக்கு வைக்க வந்தபோது, நானே வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா வாங்கி உள்ளே எடுத்துப்போனது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் படித்தேன், கப்பலூரில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். தம்பி மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம் பார்க்கிறான். நல்ல கனத்த ஆள், குரல் போட்டால் மார்க்கெட்டே திரும்பும். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்து, “அது பொழைச்சிருக்கும்ல?” என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. “பொழைச்சிருக்கும்மா, உன் பால் குடிச்சதாச்சே” என்றேன். என் கையை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தாள். நான் சொன்ன பொய் அவளை நிம்மதியாக அனுப்பிவைத்தது என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

போன மாதம் தம்பிக்குப் பேத்தி பிறந்தாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அவனுடைய பழைய தாயத்து கிடந்தது. அதை உருக்கிப் பேத்திக்குப் புதிதாகச் செய்யலாம் என்று என்னையும் தட்டான் கடைக்கு அழைத்துப் போனான். தட்டான் அரக்கைச் சுரண்டி, மூடியைக் கழற்றி, உள்ளிருந்ததை வெள்ளைத் தாளில் தட்டினார். கறுத்துச் சுருண்ட தொப்புள்கொடி விழுந்தது. அதோடு இன்னொன்றும் விழுந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு, மெல்லிசாக, வெளிறிய மஞ்சளில். ஓரம் முற்றாத செதில்.

துவைக்கிற கல்லில் ஒட்டியிருந்ததை எடுத்தாளோ, குப்பைக்குழியைக் கிளறினாளோ. அன்றைக்குப் பாலாடையோடு பின்வாசலுக்குப் போனாளே, அப்போதே தெரிந்திருக்கிறது. கண்மாய்ப் பக்கம் போச்சு என்று நான் சொன்னதை ஐம்பது வருடம் எனக்காக நம்பியிருக்கிறாள். சாகிற நேரத்தில் அவள் கேட்டது எனக்கு ஆறுதல் சொல்லத்தான். நான் அவளுக்குப் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மக்குக் கழுதை. தட்டான் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

தம்பி பயந்துபோனான். தாளில் இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“என்னக்கா இது? நகமா?”

“ஒங்கூடப் பால் குடிச்சதுடா” என்றேன். அங்கேயே, தட்டானும் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். கடப்பாரையையும் சொன்னேன், பஸ்ஸில் அப்பா கதறியதையும் சொன்னேன், நான் வாய் மூடி நின்றதையும் சொன்னேன்.

அவன் அந்தச் செதிலைத் தொப்புள்கொடியோடு சேர்த்து வைத்தான். பிறகு தாளோடு எடுத்துத் தட்டான் பக்கம் நகர்த்தினான்.

“உருக்க வேணாம்ணே. பேத்திக்குப் புது வெள்ளி போடுங்க. இத ரெண்டையும் ஒண்ணா வச்சு மறுபடி மூடிருங்க” என்றான். “எனக்குக் கட்டணும்.”